எலுமிச்சையைத் தள்ளி வைத்தால்: வீட்டில் நன்னாரி க்ரீம் சோடா

ஒரு வழியாக நன்னாரி க்ரீம் சோடா திரியாமல் நின்றது. கண்ணாடித் தம்ளரில் கலந்து, குடிக்காமல் அரை மணி நேரம் மேசை மேல் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் தூள் ஒட்டவில்லை, மேலே தயிர்க்கட்டி மிதக்கவில்லை. கேஸ் இறங்கி, ஐஸ் கரைந்து நீர்த்துப்போயிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கோடை முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதால், எது வேலை செய்தது, எது காலை வாரியது என்று அளவோடு எழுதி வைக்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பாட்டிலில் வரும் க்ரீம் சோடாவில் க்ரீம் கிடையாது. வெனிலா வாசனை, சர்க்கரை, கேஸ், முடிந்தது. இலங்கையில் எலிஃபன்ட் ஹவுஸ் பாட்டிலோடு வளர்ந்தவர்களுக்கு அந்த ருசிதான் க்ரீம் சோடா. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. நான் செய்ய நினைத்தது நிஜமாகவே க்ரீம் சேர்ந்த சோடா. அமெரிக்காவில் இதற்கு இத்தாலியன் க்ரீம் சோடா என்று பெயர். பெயரில் இத்தாலி இருந்தாலும் ஊர் சான் பிரான்சிஸ்கோ. லூக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதி 1925-ல் அங்கே டொரானி சிரப் தொழிலைத் தொடங்கினார்கள். சிரப்பும் சோடாவும் கலந்த பானம் அந்த வட்டாரத்தில் பிரபலமானது. அதன் மேல் க்ரீம் ஊற்றினால் க்ரீம் சோடா. நியூயார்க்கில் எக் க்ரீம் என்று ஒன்று உண்டு; அதில் எக்கும் இல்லை, க்ரீமும் இல்லை, பாலும் சாக்லேட் சிரப்பும் சோடாவும்தான். மலேசியத் தமிழர்கள் பண்டுங் என்றதும் புரிந்துகொள்வார்கள்: ரோஸ் சிரப்பில் எவாப்பரேட்டட் பால். அதிலேயே சோடா ஊற்றித் தருகிற கடைகளும் அங்கே உண்டு.

நான் நன்னாரியில் ஆரம்பித்ததற்குக் காரணம் மதுரை. ஜிகர்தண்டாவில் நன்னாரியும் பாலும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. பால் சர்பத் என்று கேட்டால் கொடுக்கிற கடைகளும் உண்டு. பாலோடு சேரும் என்று நாக்குக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இன்னொரு விஷயம் பின்னால்தான் தெரிந்தது. நன்னாரி வேரின் முக்கிய மணப்பொருளும் வெனிலாவின் வெனிலினும் வேதியியலில் பங்காளிகள். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே, அணுக்கள் ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு. ஆக, வெனிலா போய் உட்காரும் இடத்தில் நன்னாரி உட்காருவதில் ஆச்சரியம் இல்லை.

முதல் சுற்றுக்குக் கடை சர்பத் பாட்டிலையே எடுத்தேன். தம்ளரில் 30 மில்லி சர்பத், ஐஸ், சோடா, மேலே காய்ச்சி ஆறவைத்த பால். ஊற்றிய நொடியில் பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் பால் பொடிப்பொடியாகப் பிரிந்து, ரசத்தில் பால் கொட்டியதுபோல ஆகிவிட்டது. குடிக்கக் கெடுதல் ஒன்றும் இல்லை. பன்னீர் கட்டுகிறபோது நடப்பதுதான். ஆனால் நாக்கில் மணல் மாதிரி நெருடுவதை விருந்தாளிக்குக் கொடுக்க முடியாது.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படித்தேன். அசிடிட்டி ரெகுலேட்டர் 330 என்று இருந்தது. 330 என்றால் சிட்ரிக் ஆசிட், எலுமிச்சைப் புளிப்பு. சர்பத் பாட்டில் எலுமிச்சையோடு குடிப்பவருக்காகச் செய்தது. புளிப்பு அதில் இருப்பது நியாயம்தான். பள்ளி ஆய்வகத்துக்குச் சாமான் விற்கிற கடையில் பிஎச் தாள் ஒரு கட்டு 150 ரூபாய்க்கு வாங்கினேன். நனைத்தால் நிறம் மாறிப் புளிப்பை எண்ணாகக் காட்டும் தாள் அது; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இந்த வேலையில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான். பாலின் கேசீன் புரதம் 4.6-க்குப் பக்கத்தில் வந்தால் கெட்டியாகிப் பிரிந்துவிடும். கடை சர்பத் தாளில் 3 காட்டியது. பிறகு எதற்கு அந்தப் பாலைக் குறை சொல்வது?

ஆகவே சிரப்பை நானே காய்ச்ச வேண்டும். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வேர் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒரு துண்டைக் கிள்ளி என் கையில் கொடுத்தார்.

“மோந்து பாருங்க தம்பி. மூக்குல ஏறுனாத்தான் வேரு. ஏறலைன்னா வெறும் குச்சி.”

ஏறியது. 50 கிராம் 60 ரூபாய். “உள்ள இருக்கிற குச்சிய எடுத்துப் போட்டுருங்க, தோல்லதான் வாசம்” என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னதை அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வேரைக் கழுவி, அப்படியே ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, பாதியாக வற்றும் வரை கொதிக்கவிட்டேன். தெருமுனை வரை மணந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து “என்ன, சர்பத்தா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறவைத்துச் சர்க்கரை போட்டு ருசித்தால் பழுப்பு நிறமும் லேசான கசப்பும் இருந்தன, மணம் பெயருக்குத்தான். நன்னாரி மணம் ஆவியோடு போகிற சாதி. வீடு மணக்கிறது என்றால் பாட்டிலில் இருக்க வேண்டியது வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று கணக்கு.

அடுத்த 50 கிராமை ஒழுங்காகச் செய்தேன். மண் போகும் வரை மூன்று தண்ணீரில் கழுவி, துணியில் ஒற்றி, இடிகல்லில் வைத்து லேசாகத் தட்டினால் தோல் பிளந்து நடுவில் இருக்கும் வெள்ளைக் குச்சி தனியாக வந்துவிடும். மிக்சியில் போட வேண்டாம்; குச்சியும் சேர்ந்து தூளாகி, வடிகட்டுவது பெரும்பாடு. குச்சியை எறிந்துவிட்டு, தோலை மட்டும் இன்னும் கொஞ்சம் இடித்து, எவர்சில்வர் தூக்கில் போட்டேன். 500 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, குமிழ் அடங்கிய பிறகு ஊற்றி, தூக்கை இறுக மூடி இரவு முழுக்க விட்டாயிற்று. காலையில் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிழிந்தால் 400 மில்லி சாறு. நிறம் வெளிறிய டீ மாதிரிதான் இருக்கும், மணம் ஆளைத் தூக்கும்.

400 மில்லி சாறுக்கு 800 கிராம் சர்க்கரை. அதிகம் என்று தோன்றும். சரிக்குச் சரி போட்டால் சிரப் தண்ணீராக இருந்து சோடாவை நீர்க்கச் செய்கிறது, ஃபிரிட்ஜில் சீக்கிரம் பூசணமும் பிடிக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்றால் கெட்டியாக நிற்கும், தம்ளருக்குக் கொஞ்சம் போதும். சிறு தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் கிண்ட வேண்டும், கொதி வரக் கூடாது. நிறத்துக்காக இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தனியாக இரும்புக் கரண்டியில் கருக்கி, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்துச் சேர்த்தேன். (வெந்நீர் விடும்போது தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.) மொத்தம் 900 மில்லிக்குக் கொஞ்சம் கூட வந்தது. தாளில் 6-க்குப் பக்கத்தில் நின்றது. வேலை பாதி முடிந்தது.

சோடாவில் நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருந்தது. சித்தி மகன் வீட்டில் சும்மா கிடந்த சோடா மெஷினை இரவல் வாங்கி வந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திருகி மாட்டி, மேல் பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து கேஸ் இறங்கும். வடிகட்டிய தண்ணீரை அதில் ஏற்றித் தாளை நனைத்தால் 4. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் அதுவே ஒரு புளிப்பு. கடையில் வாங்கிய 750 மில்லி சோடாவில் தாள் 5-ஐத் தாண்டியது. அதன் பின்பக்கத்தில் 500(ii) என்று போட்டிருந்தது. சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா. லேசான உப்புச் சுவை வருவதும் அதனால்தான். வெறும் சோடாவாகக் குடிக்கும்போது எனக்குப் பிடிக்காத அந்த உப்பு, பாலைக் காப்பாற்றுகிற வேலையைச் செய்கிறது. இப்போது மெஷினில் ஏற்றுவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமையல் சோடா கால் டீஸ்பூனில் பாதி கரைத்துவிடுகிறேன். அதற்கு மேல் போனால் சோப்பு நெடி அடிக்கும்.

குளிர்ச்சி விஷயத்தில் சோம்பல் படக் கூடாது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 30 டிகிரித் தண்ணீரில் கரைகிற கேஸைப் போல இரண்டரை மடங்கு 0 டிகிரித் தண்ணீரில் கரையும். மே மாத மதுரையில் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டித்தான் வருகிறது. அதில் எவ்வளவு அழுத்தினாலும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று போய்விடும். தண்ணீரை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஓர் இரவு வைத்து, கடைசி 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மெஷினில் ஏற்றும் கேஸ் அப்படியே உட்காருகிறது. தம்ளரையும் ஃப்ரீசரில் வைத்தேன். மெஷினில் வெறும் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஏற்றக் கூடாது. சிரப்பைச் சேர்த்தே ஏற்றினால் என்ன என்று சித்தி மகன் ஒருமுறை பார்த்திருக்கிறான். அவன் சமையலறைக் கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மெஷின் எப்படி சும்மா கிடக்க நேர்ந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

க்ரீமுக்கு வருவோம். அதிக நாள் இழுத்தடித்தது இந்தக் கட்டம்தான்.

வீட்டில் காய்ச்சிய பாலின் ஆடையை எடுத்து மிக்சியில் அடித்தால் க்ரீம் ஆகிவிடும் என்று நினைத்தேன். வெண்ணெய் ஆனது. சோடாவில் ஊற்றியதும் மஞ்சள் பொட்டுகளாக மிதந்தது. அந்த வெண்ணெயை உருக்கி நெய்யாக்கிக்கொண்டோம், நஷ்டமில்லை. ஆவின் நீலப் பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம். அது திரியவில்லை, ஆனால் சோடாவுக்குள் காணாமல் போய்விட்டது, நன்னாரித் தண்ணீரில் வெள்ளை கலந்த மாதிரி. ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம், கொஞ்சம் பரவாயில்லை. அட்டைப்பெட்டியில் வரும் 25 சதவீத க்ரீம், நேராக ஊற்றினால் கனமாகக் கட்டிக்கொண்டு மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. கடைசி வாயில்தான் க்ரீம் வரும். அந்த க்ரீமில் பாதி, ஆரஞ்சுப் பாலில் பாதி கலந்து கரண்டியால் அடித்தபோதுதான் சரியான பதம் கிடைத்தது. கொழுப்பு சுமார் 15 சதவீதம் வரும். அமெரிக்கச் செய்முறைகளில் ஹாஃப் அண்ட் ஹாஃப் என்று எழுதியிருப்பார்களே, நம் கடைகளில் கிடைக்காத அந்தச் சரக்கு ஏறக்குறைய இதுதான். பாலைக் காய்ச்சி, நன்றாகக் குளிரவைத்து, ஆடையை வடிகட்டிவிட்டுக் கலக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நுரையும் நிற்காது, திரிகிற வாய்ப்பும் கூடும்.

கண்டென்ஸ்டு மில்க்கும் முயன்றேன். திரியவே இல்லை, யார் செய்தாலும் தப்பாது. ஆனால் அதன் பால்கோவா வாசனை நன்னாரியை அமுக்கிவிடுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத தங்கைக்குத் தேங்காயின் முதல் பாலில் செய்து கொடுத்தேன். ருசி பிரமாதம். பத்து நிமிடத்தில் எண்ணெய் தனியாக மேலே வந்து நிற்கும், அதற்குள் குடித்துவிட வேண்டும்.

இனி கலக்குகிற முறை. படத்துக்கு அழகு என்றால் ஐஸ், சிரப், சோடா, கடைசியில் கரண்டியின் முதுகில் விட்டு க்ரீம். பழுப்புக்குள் வெள்ளை புகை மாதிரி இறங்கும். நான்கு பேர் போனை எடுப்பார்கள். குடிப்பதற்கு எனக்குப் பிடித்தது இதற்கு நேர் எதிர்: சிரப்பையும் க்ரீம் கலவையையும் முதலிலேயே தம்ளரில் சேர்த்துக் கலக்கி, அதன் மேல் சோடா. சர்க்கரைப்பாகு க்ரீமைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எல்லா வாயிலும் ஒரே ருசி, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. நுரை பொங்குவதால் பெரிய தம்ளர் வேண்டும்.

300 மில்லி தம்ளருக்கு என் அளவு: சிரப் 30 மில்லி, க்ரீம்-பால் கலவை 25 மில்லி, சோடா 180 மில்லி, பெரிய ஐஸ் கட்டி இரண்டு. சோடாவை மூன்று தவணையாக, தம்ளரைச் சாய்த்து ஓரமாக விட வேண்டும். உடைத்த ஐஸ் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கூர்முனையிலும் கேஸ் குமிழாகி வெளியேறுகிறது, தம்ளர் வழியும், குடிக்கும்போது சோடா செத்திருக்கும். ஐஸைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போட்டால் பொங்குவது குறைகிறது. நீள ஸ்பூனால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டால் போதும்.

செலவு: வேர் 60, சர்க்கரை 40, ஆக 100 ரூபாய்க்கு 900 மில்லி சிரப். தம்ளருக்கு 3 ரூபாய் 30 காசு. கடை சோடா 750 மில்லி 20 ரூபாய் என்றால் தம்ளருக்கு 4 ரூபாய் 80 காசு. க்ரீம் 250 மில்லி 70 ரூபாய், அதில் பன்னிரண்டரை மில்லிக்கு மூன்றரை ரூபாய். பாலுக்கு ஒரு ரூபாய் வையுங்கள். எல்லாம் சேர்த்து 13 ரூபாய்க்குள். பிஎச் தாளையும் வீணாய்ப் போன முதல் 50 கிராம் வேரையும் இதில் சேர்க்கவில்லை. திறந்த க்ரீம் பெட்டியை மூன்று நாளுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், ஒற்றைத் தம்ளருக்காக இதைச் செய்வது கட்டுப்படியாகாது. ஆள் சேர்ந்தால் மட்டும் செய்யுங்கள்.

மற்ற வாசனைகளில் ஏலக்காய் சுலபம், தட்டிப் போட்டு ஊறவைத்தால் போதும். பன்னீர் சோடாப் பிரியர்கள் கடை ரோஸ் சிரப்பை நம்பாமல் 330 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப்பாகில் ரோஜாப் பன்னீர் விட்டு நாமே செய்தது நன்றாக வந்தது. திராட்சையும் அன்னாசியும் க்ரீமோடு சேராது, வம்பே வேண்டாம். இஞ்சிதான் வேடிக்கை காட்டியது. புளிப்பே இல்லை, தாள் 6 காட்டுகிறது, இருந்தும் பாலில் கலந்து வைத்தது கட்டிப்போனது. பச்சை இஞ்சியில் பாலைக் கட்டவைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சீனர்கள் அதை வைத்தே சூடான பாலில் இஞ்சிச்சாறு விட்டுப் புட்டிங் மாதிரி உறையவைத்துச் சாப்பிடுகிறார்கள். இஞ்சிச்சாற்றைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும். நன்னாரியைக் கொதிக்கவிடக் கூடாது, இஞ்சியைக் கொதிக்கவிட்டே ஆக வேண்டும். இதை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை வேரை 50-க்குப் பதில் 70 கிராம் போடப் போகிறேன். க்ரீம் சேர்ந்ததும் மணம் மங்குகிறது. வெறும் சர்பத்துக்குச் சரியாக இருக்கும் சிரப் இதற்குப் போதவில்லை. கருக்கிய சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மாகாளிக் கிழங்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதில் இருப்பதும் நன்னாரியின் அதே மணப்பொருள்தான். மூட்டைப்பூச்சி வாசனை என்று ஓடுகிறவர்கள் ஓடட்டும். மோரில் ஊறிய அந்த ஊறுகாயைத் தயிர்சாதத்தோடு சாப்பிட்டவர்களுக்கு அது பாலோடு ஒத்துப்போகும் என்று சொல்லத் தேவையில்லை. தோல் சீவியதை எறியாமல் ஊறவைத்துப் பார்க்கலாம் என்று எண்ணம்.

வீட்டு விசேஷத்துக்குச் செய்பவர்களுக்கு ஒன்று. சிரப் 600 மில்லியும் க்ரீம்-பால் கலவை 500 மில்லியும் முதல் நாளே சேர்த்து மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். 20 தம்ளருக்கு வரும், மறுநாள் மாலை வரை எதுவும் ஆகாது. ஆள் வரவர ஒரு சின்ன டீ கிளாஸில் கோடு போட்டுவைத்து 55 மில்லி அளந்து விட்டு, சோடாவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். யாராவது “ஒரு மூடி எலுமிச்சை பிழியேன்” என்று கேட்டால், அவர்களுக்குக் க்ரீம் இல்லாத தம்ளராகப் பார்த்துக் கொடுங்கள்.